கப்பக்காய் ரசம்

என் மேஜையில் பேனா, பென்சில் போட்டு வைக்கிற கூடு ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கியதல்ல, ஒரு காயின் ஓடு. பார்த்தால் சுரைக்குடுவை என்று தோன்றும். தட்டினால் மரச்சத்தம் கேட்கும். கைக்கு வந்த புதிதில் அதன்மேல் மெத்தென்று பழுப்பு ரோமம் படர்ந்திருந்தது. இத்தனை வருஷம் நான் தடவித் தடவி அது போய்விட்டது.

சென்ற மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நான் வேலை பார்த்தது அரசாங்கத்தின் தாவர ஆய்வுப் பிரிவில். ஊர் ஊராகப் போய்ச் செடி கொடி மரங்களைச் சேகரித்துப் பெயர் கண்டு பதிவு செய்கிற வேலை. வந்த பையன்களில் ஒருவன் அந்தக் கூட்டைப் போனில் படம் பிடித்தான். போன் முதலில் சுரைக்காய் என்றது. கூட்டைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பிடித்ததும் சரியான பெயரை லத்தீனில் சொல்லிவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் தட்டினேன்.

“நீங்க அப்போ எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டான்.

“நாங்க கண்டுபிடிக்கப் போய் ஒரு பொண்ணோட கல்யாணமே நிக்கற மாதிரி ஆயிடுச்சுப்பா” என்றேன். இரண்டு பேரும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். முழுக்கச் சொன்னேன். எழுதி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஓய்வு பெற்றவனிடம் இப்படிச் சொன்னால் அவன் எழுதாமல் இருப்பானா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். களப்பணி உதவியாளன் என்று பதவிக்குப் பெயர். மரம் ஏறத் தெரியும் என்று நேர்முகத் தேர்வில் சொன்னதால்தான் எடுத்தார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பறித்ததைப் பழைய செய்தித்தாளில் விரித்து வைத்து, மேலும் கீழும் ஒற்றுத்தாள் கொடுத்து, இரண்டு சட்டங்களுக்கு நடுவே வைத்துத் தோல்வாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். தினமும் ஈரத்தாளை மாற்றிக் காய்ந்த தாளை வைக்க வேண்டும். ஒரு வருஷம் இதையே செய்தேன். அப்புறம் என்னைச் சதாசிவம் சாரோடு செங்கல்பட்டு முகாமுக்கு அனுப்பினார்கள்.

சதாசிவம் சார் மெலிந்த, உயரமான மனிதர். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் குடையை மடக்குவார், அவ்வளவுதான். தாள் மாற்றும்போது அந்தப் பழைய செய்தித்தாள்களை ஒரு வரி விடாமல் படிப்பார். போன வருஷத்துச் செய்தியை அன்றைக்கு நடந்ததுபோல எனக்குச் சொல்லி வருத்தப்படுவார்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பறித்த கிளையில் சீட்டுக் கட்டிவிட்டுத்தான் பையில் போட வேண்டும். பூ இல்லாமல் பெயர் சொல்லக் கூடாது. “காயை மட்டும் வெச்சுப் பேர் சொல்றவன் ஜோசியம் பார்க்கப் போகலாம்” என்பார். எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாப்பாட்டில் கொஞ்சம் ஆசையுள்ள எனக்கு அது பெரிய தண்டனை. ஊர்க்காரர்களிடம் கேட்கும் முறையிலும் அவர் கறார். ‘இது மருந்தா, விஷமா’ என்று கேட்கவே மாட்டார். “இதை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். பதில் வர எவ்வளவு நேரமானாலும் அந்த மனிதர் வாயைத் திறக்கமாட்டார். பக்கத்தில் இருக்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்.

அந்த வருஷம் சித்திரை மாதத்தில் ஒரு நாள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் முகாமுக்கு வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு காயை எடுத்து மேஜைமேல் வைத்தார். நீளக் காம்பு, கெட்டி ஓடு. உடைந்த பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளைச் சதை, அதற்குள் கறுப்புக் கொட்டைகள். செங்கல்பட்டுச் சந்தையில் அதை யாருக்கும் தெரியவில்லையாம். நானும் பார்த்ததில்லை.

அவர் சொன்ன கதை இது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரமாக ஒரு கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன், சம்பந்தப்பட்ட குடும்பங்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. அங்கே ஏகாம்பரம் என்று ஒரு விவசாயி. அவர் மகள் கமலத்துக்கும், மதுராந்தகத்து நெல் வியாபாரி கோவிந்தசாமியின் மகனுக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. விருந்துக்குக் கமலம் தன் கையால், புளிக்குப் பதிலாக இந்தக் காயின் சதையைக் கரைத்து ரசம் வைத்தாள். சாப்பிட்ட மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் வாந்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. பெண் வீட்டாரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கோவிந்தசாமி போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார். வைகாசியில் நடக்க வேண்டிய கல்யாணம் அந்தரத்தில் நின்றது.

“இது விஷக்காயா இல்லையான்னு நீங்க எழுதிக் கொடுத்தா போதும்” என்றார் இன்ஸ்பெக்டர்.

சார் காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பூ எங்கே?” என்றார்.

மறுநாள் காலையில் ஜீப்பில் போனோம். ஜீப்பைப் பார்த்ததும் போலீஸ் என்று நினைத்து ஏகாம்பரம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். விஷயத்தைச் சொல்லித் தேற்றினோம். வாசல் நிலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வெளியே வந்து நேராகச் சாரைப் பார்த்துப் பேசினாள். அவள்தான் கமலம்.

“நான் வெச்ச ரசந்தான் ஐயா. இல்லன்னு சொல்லல. எங்க வூட்ல வெயில் காலம் பூரா அதான் வெப்போம். வர்றவங்களுக்கு நல்லதா ஒன்னு போடணும்னுதான் வெச்சேன். இப்ப ஊரே என்னைய விஷம் வெச்சவன்னு பாக்குது.”

அழவில்லை. கோபத்தில் மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது. எனக்கு அவளைப் பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது, இந்தப் பெண்ணுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

மரம் அவர்கள் கொல்லைமேட்டில் நின்றது. அப்படி ஒரு மரத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அடிமரம் ஒரு குடிசை அளவு இருந்தது. பட்டை யானைத்தோல் மாதிரிச் சுருங்கி, சாம்பல் நிறத்தில் இருந்தது. புது இலை விட்டிருந்த சமயம். இலை கைவிரல்களை விரித்ததுபோல, இலவ மரத்து இலையின் சாயல். கிளைகளில் மொட்டுகள் தொங்கின. பூ சாயங்காலம்தான் விரியும், விடிந்தால் விழுந்துவிடும் என்றார் ஏகாம்பரம். மரத்தடியில் வாடிப் பழுப்பேறிய பூக்கள் கிடந்தன. சார் அதில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கினார். நான் மேலே ஏறி இலையும் மொட்டுமாகக் கிளை ஒடித்துப் போட்டேன். சீட்டுக் கட்டினோம்.

“இதுக்கு என்ன பேர்?”

“கப்பக்காய்னு சொல்லுவோங்க. கப்பல்ல வந்தவன் எவனோ நட்டுட்டுப் போனான்னு எங்க நைனா சொல்லும்.”

“இதை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டுச் சார் வாயை மூடிக்கொண்டார்.

ஏகாம்பரம் யோசித்து யோசித்துச் சொன்னார். சதையைக் கரைத்து வெல்லம் போட்டுக் குடித்தால் உடம்புச் சூடு தணியும். வயிற்றுப்போக்குக்கு மோரில் கலந்து கொடுப்பார்கள். இளம் இலையைக் கீரையாகக் கடைவார்கள். பட்டையை உரித்துக் கயிறு திரிப்பார்கள். காலி ஓட்டைக் குப்பத்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு பதிலுக்கு மீன் கொடுப்பார்கள்.

ஓடு எதற்கு என்று தெரிந்துகொள்ளக் கடற்கரைக்கு நடந்தோம். தேசிங்கு என்று ஒரு கட்டுமரக்காரர் மணலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வலையின் மேல்கயிறு நெடுக எங்கள் காய்கள் வரிசையாகக் கட்டியிருந்தன.

“மெதப்புக்குத்தான் நைனா. இது உப்புத்தண்ணில ஊறாது, உடையாது. உள்ள இருக்கறத கரைச்சுக் குடிச்சுட்டு, ஓட்டோட வாய அடைச்சுக் கட்டிருவோம்.”

“குடிச்சா ஒன்னும் ஆகாதா?” என்று நான் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டேன். சார் குடையை மடக்கினார்.

தேசிங்கு என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா ஆவும்? நான் உன் எதிர்க்கத்தான் குந்திகினு கீறேன்.”

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் சார் ஜீப்பை நிறுத்தச் சொன்னார். கண்ணாடித் தம்ளரில் கொதிக்கிற வெந்நீர் மட்டும் கேட்டார். அந்த வாடிய பூவை அதில் போட்டார். சுருங்கிய பூ வெந்நீரில் மெல்ல மெல்லப் பிரிந்து விரிந்தது. கடைக்காரர் அடுப்பை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“இன்னா ஐயா, பூவுல டீயா? தூள் போடட்டுமா?”

சார் பெட்டியிலிருந்து இரண்டு தையல் ஊசிகளை எடுத்தார். மரக்குச்சியில் செருகிய ஊசிகள். பூவை ஒரு தட்டில் வைத்து ஊசி முனையால் இதழ்களை ஒவ்வொன்றாக விலக்கினார். வெளியே கெட்டியான புறவிதழ், உள்ளே ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மகரந்தக் கேசரங்கள் எல்லாம் அடியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழலாகி, மேலே சவரப் பிரஷ் மாதிரிப் பிரிந்திருந்தன. சூலகத்தைக் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அந்த அரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது அதற்கு முந்தைய ஒரு வருஷத்தில் கற்றதைவிட அதிகம். கடைக்காரர் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார், அதில் மறுபடி யாருக்கும் டீ கொடுத்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் முகாமில் தடித்த புத்தகத்தைத் திறந்தார். அதில் கேள்வி கேள்வியாக இருக்கும். இலை இப்படியா அப்படியா, இதழ் தனியா சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போனால் கடைசியில் பெயர் வரும்.

“சார், இலவத்துக்குச் சொந்தக்கார மரம்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சே. நேரா அந்தப் பக்கத்தைத் திறக்கக் கூடாதா?”

“எனக்கும்தான் தெரிஞ்சுபோச்சு. புத்தகத்துக்குத் தெரிய வேண்டாமா?” என்று முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

கடைசியில் வந்த பெயர் ஆனைப்புளி. ஆப்பிரிக்கா அதன் தாய்நாடு. காய்ச் சதையை அங்கேயும் மக்கள் சாப்பிடுகிறார்கள். சார் இரண்டு பக்கம் எழுதினார்: மரம் இன்னது, சதை விஷமற்றது, உள்ளூரில் இன்னின்ன உபயோகம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கமலம் தப்பித்தாள் என்று அன்றைக்குக் கூடுதலாக இரண்டு தோசை சாப்பிட்டேன்.

அறிக்கையைப் படித்துக் காட்டியபோது கோவிந்தசாமி சொன்ன பதிலை இன்ஸ்பெக்டர் வந்து சொன்னார். என் சந்தோஷம் அதோடு போயிற்று.

“காய்ல விஷம் இல்லியா? அப்ப சரி. காய்ல இல்லன்னா அந்தப் பொண்ணு கையிலதான் இருந்திருக்கு. தெரிஞ்சே இன்னாவோ கலந்துகீறா. இல்லன்னா எங்க ஜனத்துக்கு மட்டும் இன்னாத்துக்கு வாந்தி வருது?”

நாங்கள் எழுதியது உண்மை. அந்த உண்மை அவளைக் கீழே தள்ளிவிட்டது. தெரியாத காய் என்று இருந்தவரை அறியாமல் செய்தாள் என்றாவது சொல்லலாம். இப்போது அதுவும் போயிற்று.

சார் ரொம்ப நேரம் கிராம்பைக் கடித்துக்கொண்டிருந்தார். எங்கள் வேலை முடிந்துவிட்டது. மரத்துக்குப் பெயர் கொடுத்தாயிற்று, வாந்திக்குக் காரணம் கண்டுபிடிப்பது தாவரப் பிரிவின் வேலையில்லை. அதை நான் சொல்லவும் செய்தேன்.

“பாதி உபயோகத்தைத்தான் எழுதியிருக்கோம். ரசம் எப்படி வெச்சாங்கன்னு நாம கேட்கவே இல்லையே” என்றார். மறுநாள் மறுபடி ஜீப்.

கமலத்தையும் அவள் அம்மாவையும் உட்கார வைத்து, “அன்னைக்குக் காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லும்மா” என்றார். அப்புறம் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். கமலம் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் காலையிலேயே வருவதாகப் பேச்சு. அதனால் விடியற்காலையிலேயே சமையல் முடிந்துவிட்டது. ரசம் இறக்கியதும் உள்ளூர்க் குழந்தைகளுக்கும் வயசானவர்களுக்கும் முதல் பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு லாரி டயர் பஞ்சராகி, அவர்கள் வந்து சேர உச்சி வெயில் தாண்டிவிட்டது. அதே ரசத்தை அவர்களுக்குப் பரிமாறினார்கள். உள்ளூர்க்காரர்கள் கடைசியில் உட்கார்ந்தபோது ரசம் மிச்சமில்லை.

“ரசம் எதுல இருந்தது?”

“அண்டாவுலங்க. ஈயம் பூசின பாத்திரத்துல எல்லாம் கொழம்பும் பாயசமும் இருந்திச்சு. தண்ணி அண்டா ஒன்னு காலியா கீதேன்னு அதுல ஊத்தினோம்.”

கமலத்தின் அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுத்தமில்லாத பாத்திரம் என்று ஐயா நினைத்துவிடப் போகிறாரே என்று உள்ளே போய் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் சாய்த்தார். “பாருங்க ஐயா, எப்படி பளபளன்னு கீதுன்னு. அன்னிக்கு ரசம் தீந்தப்புறம் வெறும் தண்ணி ஊத்தித்தான் அலம்பினேன். தேக்கக்கூட இல்ல.”

நல்ல பித்தளை அண்டா, உள்ளே ஈயம் பூசாதது. பாதி உயரம்வரை உள்பக்கம் புதுத் தங்கம் மாதிரி மின்னியது. அதற்குமேல் பழைய கறுப்பு. இரண்டுக்கும் நடுவில், ரசம் நின்ற மட்டத்தில், பச்சையாக ஒரு கோடு சுற்றிலும் ஓடியது.

புளி போட்டுப் பித்தளை தேய்க்காத வீடு நம் ஊரில் உண்டா? அந்த அண்டாவை யாரும் தேய்க்கவில்லை. காலையிலிருந்து மத்தியானம்வரை உள்ளே நின்ற ரசமே தேய்த்திருக்கிறது. தேய்த்த செம்புக் களிம்பெல்லாம் ரசத்துக்குள் இறங்கி, தாமதமாக வந்தவர்கள் இலைக்குப் போயிருக்கிறது. கமலத்துக்குச் சொல்லாமலே புரிந்துவிட்டது. அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம், “ஐயோ, நான்தானா” என்று முதல் தடவையாக அழுதாள். சார் குடையை விரித்தார், மடக்கினார், என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி விரித்தார்.

“அழாதம்மா. தெரியாம நடந்தது. அதை அவங்க கண்ணால பார்க்கணும்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் கோவிந்தசாமியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கோவிந்தசாமியின் மனைவியும் வந்திருந்தார். ஏகாம்பரம் “வாங்க சம்மந்தி” என்றார். “அந்தப் பேச்சு இப்ப வேணாம்” என்றார் கோவிந்தசாமி, நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தார்.

காலையிலேயே கமலம் அதே ரசத்தை வைத்து, பாதியை மண்சட்டியிலும் பாதியை அந்த அண்டாவிலும் ஊற்றி வைத்திருந்தாள். மத்தியானம் ஆனதும் சார் பெட்டியைத் திறந்தார். பூவைப் பிரித்த அதே இரண்டு ஊசிகள். ஒன்றைச் சட்டியிலும் ஒன்றை அண்டாவிலும் விட்டார். எல்லாரும் காத்திருந்தோம். எடுத்தபோது சட்டியில் இருந்த ஊசி போட்டபடியே வெள்ளையாக இருந்தது. அண்டா ஊசி செம்புக் கம்பி மாதிரிச் சிவந்திருந்தது.

கோவிந்தசாமி ஊசியை வாங்கி வேட்டியில் துடைத்துப் பார்த்தார். சிவப்பு போகவில்லை.

“பித்தளையில இருந்த செம்பு ரசத்துக்கு வந்து, ரசத்துலேர்ந்து ஊசிக்கு வந்திருக்கு. அன்னைக்கு இதுதான் உங்க வயித்துக்குப் போச்சு” என்றார் சார். பிறகு சட்டியிலிருந்து ஒரு தம்ளர் ரசம் வாங்கினார். எதையும் வாயில் வைக்காத மனிதர், கிராம்பைத் துப்பிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார். “நல்லா இருக்கும்மா” என்றார். நான் கேட்காமலே இரண்டு தம்ளர் குடித்தேன். மிளகும் சீரகமும் தூக்கலாக, புளியைவிட மெல்லிய புளிப்பு. இன்றைக்கும் நாக்கில் நிற்கிறது.

கோவிந்தசாமி விடவில்லை. “அதெல்லாம் சரி. ரசத்த அம்மாம் நேரம் ஏன் வெச்சாங்க?”

“நீங்க வரலியே. டயர் பஞ்சர்னு சொன்னீங்க” என்றார் ஏகாம்பரம்.

அதுவரை பேசாமலிருந்த கோவிந்தசாமியின் மனைவி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். “டயருக்கு ஒன்னும் ஆவலங்க. மதுராந்தகத்துல ஏரிதான் பாத்துகீறோம். மாமல்லபுரம் வந்ததும் கடல பாக்கணும்னு நாங்க பொம்பளைங்கள்லாம் எறங்கிட்டோம். அப்புறம் கல் தேரு, சிலைங்க எல்லாம் பாத்தோம். இவருதான் எல்லாருக்கும் முன்னாடி அலையில நின்னுகினு இருந்தாரு.”

இன்ஸ்பெக்டர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோவிந்தசாமி தரையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, சட்டியிலிருந்து ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தார். தம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, “கல்யாணத்த வைகாசியிலயே வெச்சுக்கலாம் சம்மந்தி” என்றார்.

ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்தார். கமலம் மட்டும் அசையவில்லை.

“அண்டாவுல ஊத்தினது என் தப்புதான் மாமா. இனிமே செய்யமாட்டேன். நீங்களும் கல்யாணத்துக்கு நேரத்துக்கு வந்துடுங்க. கடல அப்புறமா நானே கூட்டிகினு போய்க் காட்டறேன்” என்றாள்.

கல்யாணத்துக்குச் சாரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலேயே, இன்னும் அடுப்பு மூட்டாத வேளையில், மாப்பிள்ளை வீட்டு லாரி வந்து நின்றது. கோவிந்தசாமி முதலில் இறங்கினார். அவர் பின்னால் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிவந்து பந்தலில் வைத்தார்கள். பாத்திரம் பண்டம் எல்லாம் பெண் வீட்டிலிருந்து போவதுதான் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் அண்டா சுமந்து வந்ததை நான் பார்த்தது அந்த ஒரு கல்யாணத்தில்தான்.

நலங்கு மஞ்சள் காயாத முகத்தோடு கமலம் வெளியே வந்தாள். மாமனாரை நமஸ்கரிப்பதற்கு முன்னால் குனிந்து அண்டாவுக்குள் பார்த்தாள். அடியிலிருந்து விளிம்புவரை புது ஈயம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதற்கப்புறம்தான் சிரித்தாள்.